கரை கலங்கும் இடம்

பழைய கல்யாணக் கேசட்டை வாங்கி எம்பி4 ஆக்கி பென் டிரைவில் தரும் வேலை காஞ்சிபுரத்திலும் நடக்கிறது. நடந்துதான் ஆக வேண்டும். விஎச்எஸ் பிளேயர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் இயந்திரங்களில் ஹெட் தேய்கிறது, பரணில் கிடக்கும் கேசட்டில் பூஞ்சை ஏறுகிறது. எனக்குச் சண்டை, மாற்றும் விதத்தோடும் மாற்றியபின் கேசட்டைத் தூக்கிப் போடுவதோடும்.

இந்த ஊர்ப் படங்களில் இழப்பு முதலில் தெரிவது புடவையில்தான். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, சேருமிடத்தில் ஊடையை ஒன்றோடொன்று கோர்த்து நெய்கிறார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை என்றால் வெளிச்ச அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறத்தை வைத்தே கண் பிரித்தறிகிறது. வீடியோவோ வெளிச்சத்தைக் காப்பாற்றி நிறத்தைச் சுருக்கும். விஎச்எஸ்ஸில் வெளிச்சத்துக்குச் சுமார் 240 கோடு தெளிவு என்றால் நிறத்துக்கு 40 தேறும். சிவப்பு கரை தாண்டி வழிவது கேசட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்காக மென்பொருளைத் திட்டுவது அநியாயம்.

திட்ட வேண்டிய இடம் வேறு. பால் (PAL) வீடியோ முறையில் வினாடிக்கு 25 படம்; ஒவ்வொன்றும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு அரைப்படங்களாக, வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை. எடியஸ், பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் இதைக் கவனிக்காமல் முழுப்படமாக எண்ணி ஏற்றுமதி செய்தால், அசையும் கையிலெல்லாம் சீப்புப் பல் முளைக்கும். நிறமும் அரைப்படங்களுக்கிடையே கலந்து, கரையின் ஓரம் ரம்பமாகிவிடும். இரண்டு அரைகளையும் குழைத்து 25 ஆக்கினால் பல் மறையும், கூடவே தவில்காரர் விரல்களும் மங்கும். 50 முழுப்படங்களாகப் பிரிப்பதே சரி. இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கே அதைச் செய்துவிடும். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து, மணமக்களை மூன்றில் ஒரு பங்கு குண்டாக்கித் தருவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

மினிடிவி (MiniDV) டிஜிட்டல் கேசட்டை அப்படியே கணினியில் இறக்கினால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. மூன்று மணி நேரக் கல்யாணம் 39 ஜிபி. அதை 4.7 ஜிபி டிவிடியில் அடைத்தபோது மிஞ்சியது எட்டில் ஒரு பங்கு. மேடையில் பேசிக்கொண்டு நிற்கும்வரை பழுது தெரியாது. தாலி கட்டும்போது அட்சதை பறந்து, சரிகையும் மின்னினால், பிட்ரேட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். எந்த நிமிடத்துக்காகக் கேமராவை வைத்தார்களோ, அந்த நிமிடம்.

ஆனாலும் சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி போனில் பாட்டியின் கல்யாணத்தைப் பார்ப்பது இந்தச் சுருக்கத்தால்தான். பார்ப்பதற்கான பிரதியாக அது போதும். காப்பதற்கான பிரதியும் அதுவே என்று நினைத்துக் கேசட்டைக் குப்பையில் போடுவதுதான் கெடுதல்.

காஞ்சிபுரத்தில் நாற்பது வருஷத்துக்கொருமுறை வெளியே வரும் அத்திவரதரின் வைபவம் 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. அடுத்தது 2059-இல். இன்றைய பிரதி எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த ஊர் தரும் கணக்கு நாற்பது வருஷம். அதுவரை எம்பி4 திறக்குமா என்பதைவிட, ஒவ்வொரு தலைமுறையும் சுருக்கியதையே மறுபடி சுருக்கிக்கொண்டிருக்குமே என்பதுதான் என் கவலை. வாட்ஸ்அப்பில் கைமாறும் படங்களுக்கு அது ஏற்கெனவே நடக்கிறது.

இப்போது 'ஏஐ 4கே' வேறு வந்திருக்கிறது. இல்லாத விவரத்தை அது ஊகித்து வரைகிறது. மங்கிய கரையில் மயில்கண்ணோ கோபுரமோ எது வந்தாலும் அது நெய்தவர் போட்டதாகாது. அசலை இறக்கி வைத்திருந்தால் இதையும் விளையாட்டாக விட்டுவிடலாம். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் 39 ஜிபி அளவில் 25 கல்யாணம் அடங்கும். வாடிக்கையாளர் கேட்பதில்லை, ஸ்டூடியோவும் தானாகத் தருவதில்லை.