எட்டை உடைக்க நாலு வழி

யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வர, தவில் மேளச்சமா களைகட்டும் இரவில், முன்வரிசைப் பெரியவர்களின் கையைப் பார்க்க வேண்டும். கை தொடையில் ஆதி தாளம் போட்டபடி இருக்கும். கண் தவிற்காரரின் விரற்கூடுகளை விட்டு அகலாது. அவர்கள் ரசிப்பது கணக்கை.

எட்டு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டே சொற்கள்: இரண்டு மாத்திரைக்குத் 'தக', மூன்றுக்குத் 'தகிட'. நாலு தக போடலாம். இல்லையென்றால் இரண்டு தகிடவும் ஒரு தகவும். அந்தத் தக முதலிலோ நடுவிலோ கடைசியிலோ வரலாம். ஆக, நாலு வழி.

எழுதிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிட ஒரு சூட்சுமம் உண்டு. கடைசிச் சொல் தக என்றால் முன்னால் நிற்பது ஆறு. தகிட என்றால் ஐந்து. ஆறுக்கு 2 வழி, ஐந்துக்கு 2 வழி; கூட்டினால் 4. ஒவ்வோர் எண்ணும் தன்னிலும் இரண்டு குறைந்ததிடமும் மூன்று குறைந்ததிடமும் வாங்கியே வளர்கிறது: 9க்கு 5, 10க்கு 7, 12க்கு 12, 16க்கு 37.

13ஆம் நூற்றாண்டிலேயே சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் இந்த வித்தையைக் கையாண்டார். 1, 2, 4, 6 அளவுள்ள துருதம், லகு, குரு, புலுதம் ஆகிய தாள அங்கங்களை அடுக்கும் வழிகள் அவர் கணக்கில் 1, 2, 3, 6, 10, 19, 33 என்று ஏறுகின்றன.

கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜனும் எண்களை உடைத்தவர்தான். கணிதர் ஹார்டியுடன் சேர்ந்து அவர் 1918இல் வெளியிட்ட கட்டுரையில் 200ஐப் பிரிக்கும் வழிகள் 3,972,999,029,388. ஆனால் அந்தக் கணக்கில் வரிசைக்கு மதிப்பில்லை. 3+3+2, 2+3+3 இரண்டும் ஒன்றே. தவிலில் அவை வேறு வேறு ஆட்கள். ஒன்று கடைசியில் சுருங்கி நிற்கும், மற்றது விரிந்து நிற்கும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த அளவெட்டியைக் கொண்ட வலிகாமத்தில், அந்த வித்தியாசம் காதுக்குத் தப்பாது.

வரிசை பார்க்கும் கணக்கும் பார்க்காத கணக்கும் கைகுலுக்கும் இடம் கோபுச்சம். பசுவின் வால்போல் ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிடச் சிறுக்க வேண்டும்: தகதகிட, தகதிமி, தகிட, 5+4+3. வரிசையை விதியே கட்டிவிடுவதால் மாற்றிப்போட இடமில்லை.

இதோ, தவிற்காரர் 3+3+2ஐத் தேர்ந்துவிட்டார். மூன்று முறை சொன்னால் 24 மாத்திரை, ஆதி தாளத்தின் ஆவர்த்தனமோ எட்டு அடிக்கு நாலு வீதம் 32. தட்டும் சுண்டுவிரலும் போகட்டும் என்று காத்து, மோதிரவிரலில் எடுக்கிறார். தகிட தகிட தக, தகிட தகிட தக, தகிட தகிட தக. அடுத்த அடி, ஆவர்த்தனம் தொடங்கும் சமத்தில் விழ, முன்வரிசைக் கைகள் எல்லாம் அதே கணத்தில் தொடையில் விழுகின்றன.