மழை முந்தியதா, பயணம் முந்தியதா?

கரையான்சாவடியில் பேருந்து ஏறுகிறீர்கள். நடுவழியில் மழை, ஆவடியில் இறங்குகிறீர்கள். "மழைக்குப் பின் பயணம் நிகழ்ந்தால் இதைச் செய்" என்று கணிப்பொறிக்கு விதி எழுதியிருந்தால், அது தவறாமல் செய்துவிடும்!

சர்மா சக்கரவர்த்தியும் மிஸ்ராவும் 1994-இல் வெளியிட்ட 'ஸ்னூப்' என்னும் நிகழ்ச்சி மொழியின் குறை இது. மற்றபடி நல்ல மொழிதான். ஆனால் ஏறுதலும் இறங்குதலும் சேர்ந்த பயணம், இறங்கிய கணத்தில் மட்டுமே நிகழ்ந்ததாக அது கொள்கிறது. எழுத எளிது, பொருளோ பிழை. 2002-இல் கால்டனும் அகஸ்டோவும் இதைச் சுட்டினார்கள். தொடக்கத்தையும் கணக்கில் கொள்ளும் திருத்தத்தைச் சக்கரவர்த்தியே அடைக்கலவனுடன் சேர்ந்து பின்னர் அளித்தார்.

ஆயினும், விதிகள் பல ஊர்க் கணிப்பொறிகளில் பரவியிருந்தால்? கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. ஆவடிக் கடிகாரம் சற்றே பிந்தினாலும் எது முந்தியது என்பது மறுபடி ஐயம்தான்.