துணையும் இணையும்

ஒரு கருவி மற்றொன்றுக்குத் துணையாக நிற்பது வேறு. இணையாக நிற்பது வேறு. பியானோவுக்கும் செல்லோவுக்குமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இயற்றிய சொனாட்டாக்கள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்துகின்றன.

செல்லோ, வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய கருவி. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைப்பது. ஆடவர் குரலை ஒத்த கனத்த நாதமுடையது. நெடுங்காலம் பிறர் இசைக்கு அடித்தளம் இடுவதே அதன் முதன்மைப் பணியாயிருந்தது. 1808இல் பீத்தோவன் நிறைவுசெய்த ஏ மேஜர் சொனாட்டாவிலோ செல்லோ தனித்து முதற்குரல் எழுப்ப, பியானோ காத்திருந்து மறுமொழி கூறுகிறது. புனைவியற் காலத்தவர் நடந்த பாதைக்கு இதுவே வாயில்.

அரபு இலக்கணத்தில் ‘முப்ததா’, ‘கபர்’ என இரண்டுண்டு. எழுவாய், பயனிலை போன்றவை. முன்னது முதலில் வருவதால் பின்னது அதற்கு அடிமையாகிவிடாது. கபர் வந்தாலன்றிப் பேச்சு நிறைவுறாது. சிறந்த சொனாட்டாவும் அத்தகையதே.

ஷோப்பன் பியானோவுக்கென்றே வாழ்ந்தவர். எனினும், செல்லோக் கலைஞரான தம் நண்பர் ஃபிரான்ஷோமுக்குக் காணிக்கையாக்கி 1847இல் வெளியிட்ட ஜி மைனர் சொனாட்டாவில், அவர் நண்பரின் குரலுக்குச் செவிசாய்த்தார். அதன் மூன்றாம் பகுதி மிகச் சிறியது. ஒரே இன்னிசையை இரு கருவிகளும் மாறி மாறி ஏந்துகின்றன. 1848 பிப்ரவரியில் ஷோப்பன் பாரிஸில் அளித்த இறுதிக் கச்சேரியில் இருவரும் முதற்பகுதியை விடுத்துப் பின் மூன்றையே இசைத்தனர். அம்முதற்பகுதியில் பியானோவின் சொற்பெருக்கு மிகுதி என்பது என் கருத்து.

பிராம்ஸ் 1865இல் முடித்த ஈ மைனர் சொனாட்டாவின் தொடக்கத்தில் செல்லோ தாழ்ந்த தந்திகளில் பாட, பியானோ அடக்கத்துடன் உடன்வருகிறது. இறுதிப் பகுதியிலோ, பாஹ் வகுத்த நெறியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பின்னலில், பியானோ ஓங்கிச் செல்லோ மூழ்குகிறது. அங்கே கல்வி மிகுந்தது, கேண்மை குறைந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் அமர்ந்து இதையெல்லாம் பேசுவானேன் என அன்பர்கள் வினவலாம். அந்த நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பாலுசாமி தீட்சிதர், வடிவேலு முதலியோரால் வயலின் நம் இசையில் இடம்பெற்றது. பாடகரின் ஆலாபனைக்கு வயலின் மறுமொழி கூறுவது நம் மரபு. ஆயினும் விமரிசகர்களாகிய நாம் பாடகருக்கு ஒரு பக்கமும் வயலினுக்கு ஒரு வரியும் அளிக்கிறோம். யானும் அப்பிழையைப் பன்முறை செய்தவனே. ‘பக்கவாத்தியம்’ என்னும் சொல் என் செவியை மந்தமாக்கியிருந்தது.

மறுமொழியைக் கேளாதவன் கேள்வியையும் முழுமையாகக் கேட்டவனல்லன். இனி இரண்டையும் கேட்டே எழுதுவோம்.