ரெஃப்ரி உள்ளே விடாத டீம்

நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். மேட்ச் முடிந்த ராத்திரியில், பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? நீல ஜெர்ஸி போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாம்பலம் வரைக்கும் அன்றைய மேட்ச். ரெஃப்ரிக்குக் கண் இருக்கிறதா, கோச்சுக்கு மூளை இருக்கிறதா, இத்யாதி. கிண்டி தாண்டியதும் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, “மெண்டோசா மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு மூணு போட்டிருப்பான்டா” என்பார். தீர்ந்தது. அங்கேயிருந்து பரனூர் வரை பழைய ஆட்டக்காரர்கள்தான். கொளவாய் ஏரி இருட்டில் பளபளக்கும் நேரத்துக்கு ஒரு முழு டீமே தயாராகிவிடும். செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் பாக்கிச் சண்டையை டூ வீலரில் போட்டுக்கொண்டே போவார்கள்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு மார்க் போடுகிறோம். இந்த ரயில் பேச்சை யாரும் விமர்சித்து நான் படித்ததில்லை. விமர்சிக்கலாம், தப்பில்லை. இதுவும் வாய்மொழி இலக்கியம்தானே! ஆள் மாறி ஆள் சொல்லச் சொல்ல, பதினெட்டு கஜத்திலிருந்து அடித்த கோல் இருபத்தைந்தாகி, முப்பதாகி, போன வாரம் நான் கேட்டபோது ஏறக்குறைய சென்டர் சர்க்கிளுக்கே வந்துவிட்டிருந்தது. அது பரவாயில்லை. மிகைப்படுத்தல் ரசிகனின் பிறப்புரிமை. என் புகார் வேறு.

ஃபுட்பால் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் எஃப்.சி. 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோதே பிறந்த கிளப். அபிஷேக் பச்சன், தோனி எல்லாம் முதலாளிகள் வரிசையில் உண்டு. 2015-ல் ஒரு கோப்பை, 2017-18 சீசனில் ஒரு கோப்பை. 2020-ல் ஒரு ஃபைனல், கொரோனா பயத்தில் கோவாவில் காலி ஸ்டேடியத்தில் ஆடித் தோற்றது. வயசு என்று பார்த்தால் இன்னும் ஸ்கூல் பையன். ஆனால் வருஷா வருஷம் பாதி டீம் மாறுவதால், இத்தனை சின்னக் கிளப்புக்கு எத்தனை ‘முன்னாள்’ ஆட்டக்காரர்கள், பாருங்கள்! ஒரு சீசன் ஆடிவிட்டு ஃப்ளைட் ஏறிப் போனவர்களே நிறையப் பேர். 2025-ல் லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது, ரசிகர்களுக்கு மிஞ்சியதே இந்த முன்னாள்கள்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சில் மிக உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. 2015 கதையைச் சொல்லச் சொல்லுங்கள், அதுவும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஆள் யாராவது சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் அவர் வீட்டின் கீழ்த்தளம் தண்ணீரில் இருந்தது. கரன்ட் இல்லை, ரயில் இல்லை. லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த டீம் அந்த மழைக்கு நடுவே வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்துவிட்டது. ஆனால் சொந்த ஊரில் ஆட மைதானம் இல்லை. வெள்ளத்தால் ‘ஹோம்’ மேட்ச் புனேயில் நடந்தது. கல்கத்தாவை மூன்றுக்கு சைபர் என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். எதிரில் கோவா டீமேதான். 87-வது நிமிஷம் கோவா 2-1 முன்னிலை. ஸ்டேடியத்தில் கொண்டாட்டம் ஆரம்பித்தாகிவிட்டது. 90-வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டு பந்து சொந்த கோலுக்குள் போகிறது. இரண்டே நிமிஷம் கழித்து மெண்டோசா. 3-2.

இதைச் சொல்கிறவர் மெண்டோசா எத்தனை கோல் அடித்தான் என்று சொல்வதில்லை (அந்த சீசனில் 13, தங்க பூட் அவனுக்குத்தான்). பக்கத்து வீட்டு மாடியில் ஒரு போன், அதில் எட்டு சதவீதம் பேட்டரி, அதைச் சுற்றி ஏழு பேர் என்று சொல்கிறார். அதற்கு முன்னால் ஒரு பெனால்டியை மெண்டோசா கோட்டை விட்டதையும் மறைக்காமல் சொல்கிறார். “அப்ப அவனைத் திட்டுன திட்டு இருக்கே சார்... ரெண்டாவது வாட்டி கால்ல பந்து வந்தப்ப, பாவம், அவனுக்கே பயமா இருந்திருக்கும்.” நான் படித்த பல ஸ்போர்ட்ஸ் கட்டுரைகளைவிட அந்தக் கடைசி வரி மேல். ஒரு ஆளின் ஆட்டத்தை, அவன் தடுமாறிய இடத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறார்.

இப்போது புகார். கதை சொல்வதை விட்டுவிட்டு டீம் போட ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் சறுக்கல். ‘ஆல் டைம் லெவன்’ என்று ஒரு விளையாட்டு. பதினொரு பேர் சொல்ல வேண்டும். நான் கேட்ட வரையில் பட்டியல் இப்படி வரும்: கோலில் கரன்ஜித் சிங். பின்வரிசையில் மெண்டி, மைல்சன், கால்டரோன், அப்புறம் மட்டராஸி (பேரிலேயே மதராஸி என்பதால் அவருக்கு நிரந்தர இடம்). நடுவில் ராஃபேல் அகஸ்டோ, க்ரிவெல்லாரோ, எலானோ. முன்னால் மெண்டோசா, வால்ஸ்கிஸ், ஜேஜே.

எண்ணிப் பாருங்கள். ஒன்பது வெளிநாட்டவர், இரண்டு இந்தியர்கள். ஐ.எஸ்.எல். விதிப்படி 2014-ல் ஒரே நேரத்தில் மைதானத்தில் ஆறு வெளிநாட்டவர்தான் இருக்கலாம். 2017-ல் ஐந்தாகக் குறைத்தார்கள், 2021-ல் நான்கு. ஆக, நம் ஆட்கள் ஒன்றரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்குகிற கனவு டீமை, எந்த வருஷத்து ரெஃப்ரியும் மைதானத்துக்குள் விடமாட்டார்!

இது வெறும் கணக்குப் பிழை இல்லை. விதி இருந்த காரணத்தால் ஒவ்வொரு மேட்சிலும் ஐந்து, ஆறு, ஏழு இந்தியர்கள் ஆடியே தீர வேண்டியிருந்தது. அவர்கள் ஆடினார்கள். ஓடினார்கள். எலானோ ஃப்ரீகிக் அடிக்கக் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது, அவருக்கும் சேர்த்து ஓடியது அவர்கள்தான். (எலானோவைக் குறை சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு இரண்டு கோல் போட்ட கால் அது. 2014-ல் நமக்கு எட்டு. நிற்கட்டும்.) ஆனால் ஓடியவர்களை ரயில் ஏறும்போதே ஸ்டேடியத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

இன்னொரு உதாரணம். 2018 மார்ச் 17, பெங்களூரில் ஃபைனல். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷமே கோல் போட்டுவிட்டார். அப்புறம் மைல்சன் தலையால் ஒன்று, ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் அதே மாதிரி தலையால் இன்னொன்று. இரண்டுக்கும் கார்னர் அடித்தது கிரெகரி நெல்சன் என்கிற டச்சுக்காரர். அந்தப் பதினொன்றில் நெல்சன் பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. தலை ஞாபகம் இருக்கிறது, கால் மறந்துபோகிறது. வெளிநாட்டவருக்கே இந்தக் கதி என்றால் உள்ளூர்க்காரன் எம்மாத்திரம்!

உள்ளூர்க்காரன் என்றதும் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடமும் பந்தும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற அமைப்பிலிருந்து வந்தவர். பெங்களூர் ஃபைனலுக்கு நான்கு நாள் முன்னால், நம் நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி. ஜேஜே முதல் கோல் போட்டு கத்தல் அடங்குவதற்குள் கணேஷ் தலையால் இரண்டாவது. கடைசியில் 3-0. சென்னைப் பையன், சென்னை மைதானம், சென்னை டீமை ஃபைனலுக்குக் கொண்டுபோகிற கோல். இதற்கு மேல் ஒரு ரசிகனுக்கு என்ன வேண்டும்? அடுத்த சீசனின் பெரும்பகுதியை முழங்கால் காயம் தின்றுவிட்டது. இன்றைக்கு ரயிலில் அவர் பெயரைச் சொன்னால், “ஆமா ஆமா, நல்ல ப்ளேயர்” என்று ஒரு வரி. வண்டி பல்லாவரம் போவதற்குள் பேச்சு மறுபடி க்ரிவெல்லாரோவுக்குப் போய்விடும்.

ஜேஜே மட்டும் தப்பித்தார். கோல் போட்டதால் தப்பித்தார். மிசோரமில் 2023 தேர்தலில் தெற்கு துய்புய் தொகுதியில் நின்று எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். “இங்க நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பாரு” என்றார் ஒரு மறைமலை நகர்க்காரர். நம்புகிறேன்.

இந்தப் பேச்சின் இன்னொரு கெட்ட பழக்கம், பழையவனை எடுத்து இப்போது ஆடுகிறவன் தலையில் போடுவது. “மைல்சன் இருந்தப்ப இந்த கோல் போயிருக்குமா?” போயிருக்கும் சார். 2018-19 சீசனில் மைல்சன் இருந்தார், கால்டரோன் இருந்தார், ராஃபேல், நெல்சன், கரன்ஜித், ஜேஜே எல்லாரும் இருந்தார்கள். நடப்பு சாம்பியன்கள். 18 மேட்சில் வாங்கியது ஒன்பதே பாயின்ட், கடைசி இடம். ஜேஜேவுக்கு கோல் வற்றிப்போயிருந்தது. அந்த வருஷம் இதே ஆட்களை இதே ஸ்டாண்டிலிருந்து என்னென்ன சொல்லித் திட்டினோம் என்பதை அச்சில் போட முடியாது. அந்த ஒரு சீசனை ரயில் பேச்சு முழுசாக வெட்டி எறிந்துவிட்டது. வசதியான ஞாபகம்! அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆடுகிற இருபது வயசுப் பையனை அடிப்பது நியாயமில்லை. அவன் தோற்பது மெண்டோசாவிடம் இல்லை. நம் எடிட்டிங்கிடம்.

கல்கத்தாவில் இப்படி இல்லை. அங்கேயும் சண்டை உண்டு, மிகை உண்டு, நம்மைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் மோகன் பகான் 1911-ல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய ஜூலை 29-ஐ இன்னும் கொண்டாடுகிறார்கள். கோல் போட்ட சிப்தாஸ் பாதுரி, அபிலாஷ் கோஷ் இருவரையும் மட்டும் இல்லை. கோல்கீப்பர் ஹீராலால் முகர்ஜி உட்பட பதினொரு பேரையும். அதில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள், ஒருத்தர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார் என்பது வரைக்கும். நூறு வருஷம் தாண்டியும் ‘பதினொன்று’ என்றால் பதினொன்று.

அந்த ஊர் ஞாபகம் நம் ஆட்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் காலியா குலோத்துங்கன். 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் டீமில் இருந்தவர், தமிழ்நாட்டு கேப்டன். 2018 ஏப்ரலில், அதாவது சென்னையின் இரண்டாவது கோப்பையைத் தூக்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, தஞ்சாவூரில் பைக் விபத்தில் இறந்துபோனார். ஈஸ்ட் பெங்கால் ரசிகனுக்கு அவர் ‘நம்ம’ ஆள். நம் ரயிலில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். “எந்த கிளப்புண்ணே?” என்று கேட்டான் ஒரு காலேஜ் பையன். அவன்மீது குற்றமில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே!

மாமல்லபுரம்காரர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். தர்மராஜ ரதத்தில் பல்லவ ராஜாவின் பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கைடுகள் காட்டுவார்கள். ஊருக்குள் நுழையும் முன் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. டூரிஸ்ட் பஸ் அங்கே நிற்பதில்லை. அதில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சில பெயர்கள். இங்கே கல் உடைத்த, உளி பிடித்த, உளியைத் தீட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கொல்லன் சிலை செதுக்குவதில்லை, அவன் வேலை இரும்பு. ஆனாலும் பெயர் லிஸ்ட்டில் இருக்கிறது. கார்னர் அடித்தவனுக்கும் இடம் கொடுத்த டீம் லிஸ்ட்!

அதே மாமல்லபுரத்தில் இப்போது எஃப்.சி. மெட்ராஸ் என்று ஒரு அகாடமி. ஃப்ரெஷ்வொர்க்ஸ் கிரீஷ் மாத்ருபூதம் ஆரம்பித்தது. பையன்கள் அங்கேயே தங்கி, படித்து, ஆடுகிறார்கள். அதிலிருந்து யாராவது பெரிய கிளப்புகளுக்கு வருவார்கள். பெரும்பாலும் டிஃபென்டராகவோ நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுக்கிற ஆளாகவோ வருவார்கள், ஏனென்றால் கோல் போடுகிற இடத்தை நம் கிளப்புகள் வெளிநாட்டவருக்குத்தான் ஒதுக்குகின்றன. பத்து வருஷம் கழித்து செங்கல்பட்டு வண்டியில் அவர்களைப் பற்றி என்ன பேசுவார்கள்?

பேசுகிறவர்கள் நீங்கள்தான் என்பதால் ஒரு யோசனை. அடுத்த தடவை டீம் போடும்போது, அந்தந்த வருஷத்து விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 விதி என்றால் நாலு வெளிநாட்டவர், ஏழு நம்மவர்கள். எலானோவை எடுத்தால் வால்ஸ்கிஸ் கிடையாது. மட்டராஸியை எடுத்தால் மெண்டியை உட்காரவைக்க வேண்டும். அந்த ஏழு பேருக்கு கரன்ஜித், ஜேஜே, கணேஷ், அனிருத் தாபா என்று நாலு வரைக்கும் வேகமாக வந்துவிடுவீர்கள். மிச்சம் மூணு யார் என்று யோசிக்க வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் ஆகும். ஆகட்டும். நெல்சனை எங்கே வைப்பது என்பதற்குப் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் இருக்கிறது.