சீசனை நம்பி ஒரு மாவட்டம்

நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதி நாட்களில் 8,000. மறுநாளே மாவட்டத்தில் கடையடைப்பு. சுற்றுலாதான் எங்கள் பிழைப்பு, வண்டியை நிறுத்தினால் வயிற்றில் அடிப்பதாகும் என்றார்கள் வணிகர்கள்.

டாக்ஸி ஓட்டுபவரும், வர்க்கி விற்பவரும், பூங்கா வாசலில் கேரட் கட்டுடன் நிற்கும் பெண்ணும் பயணிகளை நம்பித்தான் இருக்கிறார்கள். தேயிலை விலை விழுந்த காலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததும் இந்தப் பணத்தால்தான். மறுக்கவில்லை.

ஆனால் சுற்றுலா மாவட்டத்தையே வாழவைக்கிறது என்பதை எப்படி ஏற்பது? நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141. 2011இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். காட்டேஜ்களும் ரிசார்ட்டுகளும் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாததும், இந்து நகர் பிலிம் தொழிற்சாலை நொடித்ததும் அவர்களைத் துரத்தின. உண்மைதான். அப்படித் துரத்தப்பட்டவர்களைப் பிடித்து நிறுத்த சுற்றுலாவால் ஏன் முடியவில்லை?

அது தருவது சீசன் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் ஆள் போதாது. ஜூனில் மழை பிடித்தால் ஆளே வேண்டாம். நடுவில் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் என்று கொஞ்சம் அசைவு. விடுதி உரிமையாளர் சீசனில் அறை வாடகையை ஏற்றி, மீதி மாதங்களின் நட்டத்தை ஈடுகட்டிக்கொள்கிறார். ரூம் பாய்க்கு அந்த வழி இல்லை. சம்பளம் ஏறாது, வேலை மட்டும் நிற்கும். முதலீடு பெருநகரங்களிலிருந்து வருகிறது, லாபம் அங்கேயே திரும்புகிறது. ஆன்லைன் முன்பதிவில் கமிஷன் வேறு. படுக்கை விரிப்பதும், பாத்திரம் கழுவுவதும், இரவுக் காவலும் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுகின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத இந்த வேலையை நம்பி ஒருவர் வீட்டுக் கடன் வாங்க முடியுமா, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியுமா?

மசினகுடிப் பக்கம் நடந்ததை இந்த வணிகர்கள் மறந்திருக்க முடியாது. யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவர்கள் முதலாளிகள். 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அவற்றில் பல சீல் வைக்கப்பட்டன. 2020இல் அந்த வழித்தடத்தையும் நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே சமையல், தோட்டம், ஜீப் என்று கூலிக்கு இருந்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் முதலில் வருமானம் இழந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காக அன்று மாவட்டம் முழுக்கக் கடையடைத்திருந்தால், இன்று தொழிலாளியின் வயிற்றைக் காட்டிப் பேசும் தகுதி வணிகர்களுக்கு இருந்திருக்கும்.

மலைக்கு ஏறும் வாகனங்களின் எண்ணிக்கையை இ-பாஸ் முறை சொல்லிவிடுகிறது. வேலைக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். புதிய விடுதிக்கு உரிமம் தருமுன், உள்ளூர்க்காரர் எத்தனை பேருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் விடுதிகளின் கணக்கை, கடையடைப்பு நடத்திய சங்கங்களே முன்வந்து வெளியிடட்டும்.