யார் சொன்ன கதை? – அமெரிக்க உள்நாட்டுப் போரும் மூன்று புத்தகங்களும்

மும்பையில் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் ராஜாபாய் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் வர முடியாது. 1869-இல் தொடங்கி 1878-இல் கட்டி முடித்த அந்தக் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி. அமெரிக்காவில் 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும், வடவர்களின் கப்பற்படை தென்மாநிலத் துறைமுகங்களை அடைத்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை. உடனே பம்பாய் பஞ்சுக்கு வந்தது யோகம். கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் ஏறின, கடலைத் தூர்த்து நிலமாக்கத் திட்டம் போட்டார்கள். 1865-இல் போர் முடிந்த செய்தி வந்ததும் எல்லாம் சரிந்தது. பிரேம்சந்தே நொடித்துப் போனார். ஆக, எங்கோ நடந்த சண்டை என்று நாம் ஒதுக்குகிற விஷயத்துக்கு நம் வாசலிலேயே ஒரு கோபுரம் சாட்சியாக நிற்கிறது.

நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலை நேரங்களில் ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டபோது, இந்தப் போரைப் பற்றி நான் படித்த மூன்று புத்தகங்களை எடைபோட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்குக் காரணம் என் பேத்தி. 'கான் வித் த விண்ட்' படத்தை வீட்டில் போட்டுக் காட்டினேன். வாலிப வயதில் நான் மூன்று தடவை பார்த்த படம். பாதியிலேயே அவள் கேட்டாள்: "ஏன் தாத்தா, அந்தக் குண்டு அம்மாவுக்குப் பேரே இல்லையா? எல்லாரும் மம்மி மம்மின்னுதானே கூப்பிடறாங்க?" மூன்று தடவை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை.

நல்ல எஜமானின் கடன்

முதல் புத்தகம் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. 1851-இல் தொடராக வந்து 1852-இல் நூலானது. அமெரிக்காவில் முதல் வருஷத்திலேயே மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. ஸ்டோவ் அம்மையார் சின்சினாட்டி நகரில் பதினெட்டு வருஷம் குடியிருந்தவர். ஒஹையோ ஆற்றின் இந்தக் கரையில் அடிமைமுறை இல்லை, அந்தக் கரையான கென்டக்கியில் உண்டு. தப்பி வருகிறவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எழுத்து அது. தப்பி வந்தவர்களைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று 1850-இல் போட்ட சட்டம்தான் அவரைப் பேனா எடுக்க வைத்தது.

'அங்கிள் டாம்' என்றால் இன்று வசைச்சொல். வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போடுகிறவன் என்று பொருள். ஆனால் நாவலைப் படித்தால் டாம் அப்படிப்பட்டவர் இல்லை. ஓடி ஒளிந்த இரண்டு பெண்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்ததற்காகத்தான் அவர் அடிபட்டுச் சாகிறார். அந்த வசை பெரும்பாலும் நாடக மேடைகள் செய்த வேலை.

இந்த நாவலின் பலம் அழ வைக்கும் காட்சிகளில் இல்லை என்பது என் கருத்து. டாமுக்கு மூன்று எஜமானர்கள். முதல்வர் ஷெல்பி நல்லவர், ஆனால் கடன் பட்டவர். கடனுக்காக டாமை விற்கிறார். இரண்டாமவர் செயின்ட் கிளேர் இன்னும் நல்லவர். விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போடாமலே செத்துப் போகிறார். மனைவி டாமை ஏலத்துக்கு அனுப்புகிறாள். மூன்றாமவன்தான் கொடியவன் லெக்ரீ. அவனையும் ஸ்டோவ் தென்னாட்டவனாகப் படைக்கவில்லை, வடக்கே பிறந்தவனாகப் படைத்தார். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மனுஷன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல கேள்வி. மனுஷனைச் சொத்தாக வைத்திருக்கும் சட்டம் இருந்தால், நல்லவனின் கடனும் சாவுமே போதும், ஒரு குடும்பத்தைப் பிய்த்துப்போட.

குறையும் உண்டு. கதை முடிவில் சுதந்திரம் பெற்ற ஜார்ஜ் ஹாரிஸ் குடும்பத்தை ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார். விடுதலை சரி, ஆனால் பக்கத்து வீட்டில் சமமாக வாழ அவர் கற்பனை இடம் கொடுக்கவில்லை. போருக்குப் பின் நாடே தடுக்கி விழுந்த இடமும் அதுதான்.

போர் எதற்காக?

"அடிமைமுறைக்காகவா சண்டை? மாநில உரிமைக்காக சார்" என்று சொல்கிறவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் பிரிந்துபோன மாநிலங்களே எழுதி வைத்துப் போயிருக்கின்றன. மிசிசிப்பி மாநிலத்தின் பிரகடனம் அடிமைமுறையோடு தான் ஒன்றிப்போயிருப்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. தென்கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசியபோது, இனங்கள் சமமல்ல என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்றார்.

1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர். 1793-இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் எந்திரத்தை உருவாக்கிய பிறகு பருத்தி பெருகியது. பருத்தி பெருகப் பெருக அடிமைகளின் தேவையும் பெருகியது. மேற்கே புதிதாகச் சேரும் பகுதிகளில் அடிமைமுறை உண்டா இல்லையா என்பதில்தான் 1820, 1850, 1854 என்று சமரசமும் சண்டையும் மாறி மாறி நடந்தன. அடிமைமுறை பரவக் கூடாது என்ற லிங்கன் 1860-இல் ஜெயித்தார்; அந்த டிசம்பரிலேயே தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையில் பீரங்கி முழங்கியது. நான்கு வருஷத்தில் செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல்; ஏழரை லட்சம் என்ற கணக்கும் உண்டு.

காற்றோடு போனது எது?

மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' 1936-இல் வந்தது. அந்த வருஷமே பத்து லட்சம் பிரதிகள். 1937-இல் புலிட்சர் பரிசு. 1939-இல் படம். கதை சொல்லும் திறமையில் குறை சொல்ல முடியாது. அட்லாண்டா எரியும்போது நமக்கும் மூச்சுத் திணறும். ஸ்கார்லெட் என்ற பெண்ணின் பிடிவாதம் நம் குடும்பங்களில் பார்த்த பல அத்தைகளை நினைவூட்டும்.

ஆனால் ஸ்டோவ் இடித்துத் தள்ளிய அந்த 'நல்ல எஜமான்' இங்கே வெள்ளைச் சட்டை போட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். டாரா பண்ணையில் எல்லா அடிமைகளும் சந்தோஷமாக இருக்கிறார்கள். கஷ்டமெல்லாம் விடுதலைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மறுசீரமைப்புக் காலம் என்றாலே கொள்ளையும் அவமானமும் என்றுதான் நாவல் காட்டுகிறது. கதாநாயகர்கள் கு கிளக்ஸ் கிளானில் சேருவது அதில் வீரச்செயல். படத்தில் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு 'அரசியல் கூட்டம்' என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் உண்மை எங்கேயோ ஒரு ஓட்டை வழியாக வெளியே வந்துவிடுகிறது. ஸ்கார்லெட் தன் மர ஆலைக்குச் சிறைக்கைதிகளைக் குத்தகைக்கு எடுக்கிறாள். பிறரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிச் சம்பாதிக்க மாட்டேன் என்கிறார் ஆஷ்லி. "உங்களிடம் அடிமைகள் இருந்தார்களே!" என்கிற மாதிரி அவள் மடக்குகிறாள். அது வேறு, அவர்கள் துன்பப்படவில்லை என்று சமாளிக்கிறார் ஆஷ்லி. மொத்த நாவலும் இந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கிறது. அது உளுத்துப்போன பதில் என்று ஸ்கார்லெட்டுக்குத் தெரிகிறது, நூலாசிரியருக்குத்தான் தெரியவில்லை. கைதிகளைக் குத்தகைக்கு விட்டது கற்பனையும் அல்ல. அடிமைமுறையை ஒழித்த 1865-ஆம் வருஷத்துப் பதின்மூன்றாவது சட்டத்திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை விட்டுவைத்தது. தென்மாநிலங்கள் அந்த வழியாகத்தான் கறுப்பின மக்களைத் திரும்பவும் வேலைக்கு இழுத்தன.

மம்மியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், இனப்பிரிவினைச் சட்டம் காரணமாக அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு வர முடியவில்லை. 1940-இல் ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த விழாவிலும் அவருக்கு ஒதுங்கிய ஒரு மேஜைதான். படம் காட்டாத கதையை அந்த மேஜை சொல்லிவிடுகிறது.

எண்ணூறு பக்கம் போட்ட ஒரு வழக்கு

மூன்றாவது புத்தகம் மிட்செலின் நாவலுக்கு ஒரு வருஷம் முன்னால், 1935-இல் வந்தது. டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் எழுதிய 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்'. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். எண்ணூறு பக்கத்தைத் தொடும் நூல். படுத்துக்கொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை.

அவர் கேட்ட கேள்வி எளிது. நாற்பது லட்சம் பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? லிங்கன் வந்து விடுதலை கொடுக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. வடவர் படை நெருங்கிய இடத்திலெல்லாம் பண்ணையை விட்டு ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். சுமார் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்கள் வடவர் படையில் சேர்ந்தார்கள். இதைப் பொது வேலைநிறுத்தம் என்றே பெயரிட்டார் டூபாய்ஸ். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி 1862-இல் தென்னவர் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போய் வடவரிடம் சேர்த்தார். பிறகு அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அவரை நாயகனாக்கி அன்று யாரும் 'கான் வித் த விண்ட்' மாதிரி படம் எடுக்கவில்லை.

மறுசீரமைப்பு என்பது கொள்ளையடிப்பு அல்ல என்பதை அவர் ஒவ்வொரு மாநிலமாக எடுத்துக் காட்டுகிறார். 1868-இல் குடியுரிமை, 1870-இல் வாக்குரிமை. அதே 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் அமர்ந்தார். தென்மாநிலங்களில் பொதுப் பள்ளிக்கூடம் வேரூன்றியது அந்த அரசுகளால்தான். அதனால் ஏழை வெள்ளைக்காரர்களின் பிள்ளைகளும் படித்தார்கள். கிடைக்காமல் போனது நிலம். 1865 ஜனவரியில் ஷெர்மன் தளபதி கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வீதம் ஒதுக்கினார். லிங்கன் கொலையுண்ட பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷம் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். கையில் நிலம் இல்லாதவனின் ஓட்டை மிரட்டிப் பறிப்பது சுலபம். 1877-இல் படைகள் விலகியதும் அதுதான் நடந்தது. ஓட்டை உறுதியாக மீட்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குறையில்லாத நூலா? இல்லை. தென் கரோலினா அரசைத் தொழிலாளர் ஆட்சி என்கிற அளவுக்கு மார்க்சியச் சட்டையைப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை. சட்டை பெரிது, ஆள் சிறிசு. ஆனால் கடைசி அத்தியாயத்துக்காகவே நூலுக்குக் கும்பிடு போடலாம். பள்ளிப் பாடநூல்கள் எப்படிப் பொய்யைப் பாடமாக்கின என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அன்று மிட்செலைப் படித்த லட்சோப லட்சம் பேரில் எத்தனை பேர் இவரைப் படித்தார்கள்? போரில் தோற்றவர்கள் கதையில் ஜெயித்துவிட்டார்கள்.

நமக்கு என்ன?

நமக்கு எல்லாம் இருக்கிறது. நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் 1873-இல் மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதி, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். தன் நாட்டவரும் அதைப் பார்த்துக் கற்கட்டும் என்பது அவர் ஆசை. அதே 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் தகராறில், சரணடைந்தவர்கள் உட்படக் கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொன்றார்கள். விடுதலையும் அதைத் திருடுவதும் ஒரே வருஷத்தில். 1946-இல் டாக்டர் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு பண்ணையாள் இருந்தார். அமெரிக்க அடிமைமுறையும் பண்ணையாள் முறையும் ஒன்றல்ல. அவரை யாரும் ஏலம் போடவில்லை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் "எங்க வீட்டு மனுஷன் மாதிரி வெச்சிருந்தோம்" என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். எங்களைவிட அவ்வளவு மூத்தவரைப் பொடியன்கள் நாங்கள் "வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். பேத்தி கேட்ட அன்று ராத்திரி யோசித்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது விசாரித்தேன். அவருடைய பேரன் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். தேடிப் போனேன். காபி கொடுத்தார். தாத்தா பெயரைச் சொன்னார், பாட்டி பெயரையும் சொன்னார். மலரில் எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வேணாம் சார். எங்க வீட்டுல யாருக்கும் அது மறக்கல. உங்க வீட்டுலதான் யாரும் கேக்கல" என்றார்.

டூபாய்ஸ் எண்ணூறு பக்கத்தில் சொன்னதும் இதுதான் என்று தோன்றுகிறது. அதனால் அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். பார்த்து முடித்ததும் ஸ்டோவின் நாவலையும் கையில் கொடுங்கள். கொஞ்சம் பெரியவர்களானதும் டூபாய்ஸையும் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால், என்னைப் போல ஊருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்.