அறியாமல் சாட்சி சொன்னவர்கள்

நாடு அந்நியப் படையின் பிடியில். பாரிசில் விட்டுவந்த சொந்த நூலகம் பறிமுதல். யூத இனத்தவர் என்பதால் ஒருமுறை விலக்கப்பட்டு, சிறப்பு அனுமதியின் பேரில் மட்டுமே தொடர முடிந்த பேராசிரியப் பதவி. இந்த நிலையில், வரலாற்றால் என்ன பயன் என்று ஒரு சிறுவன் கேட்ட கேள்வியைத் தலைவாசலாக வைத்து ஒருவர் நூல் எழுதத் தொடங்குகிறார். அவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக். நூல் முற்றுப்பெறவில்லை. 1943இல் அவர் லியோன் நகரில் விடுதலை இயக்கத்தில் தலைமறைவாக இணைந்தார். 1944 மார்ச்சில் பிடிபட்டார். அவ்வாண்டு ஜூன் 16 அன்று பிற கைதிகளோடு சுட்டுக்கொல்லப்பட்டார். கையெழுத்துப்படி 1949இல் அச்சேறியது. வரலாற்றாசிரியனின் தொழிலைப் பற்றிய அந்நூலையே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

தியாகியின் நூல் என்பதற்காகப் போற்றிவிட்டு நகர்ந்தால், அது அவருக்கு நாம் செய்யும் அநீதியாகும். சான்றுகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடாதே என்று கற்பித்தவர் அவர்.

நூலின் உயிர்நாடியான கருத்து இது. கடந்த காலம் நமக்கு இருவகைச் சாட்சிகளை விட்டுச்செல்கிறது. எதிர்காலத்தார் அறிய வேண்டும் என்றே எழுதப்பட்டவை ஒருவகை: நினைவுக்குறிப்புகள், அரச வரலாறுகள், வெற்றித்தூண்கள். மற்றொரு வகை, நம்மை மனத்தில் கொள்ளாமலே எழுதப்பட்டவை: கணக்கேடுகள், ரசீதுகள், வழக்குப் பதிவுகள். முதல் வகை என்ன சொல்ல விரும்புகிறதோ அதைச் சொல்கிறது. இரண்டாம் வகை தான் சொல்ல எண்ணாததையும் சொல்லிவிடுகிறது. நவீன காலத்தை ஆராய்வோர் பெரிதும் நம்புவது இந்த இரண்டாம் வகையையே என்பது புளொக்கின் துணிபு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. அதுவும் நம் பங்குக் கோவில்களின் அலமாரியிலிருந்து. திருமண நாளையும் மணமக்கள், சாட்சிகள் பெயர்களையும் பங்குத்தந்தை ஏட்டில் பதிய வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது. திருமுழுக்குப் பதிவை அதற்கு முன்பே, 1539இல், பிரெஞ்சு மன்னரின் ஆணை கட்டாயமாக்கியிருந்தது. அருள்சாதனம் முறைப்படி நிகழ்ந்தது என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் குருக்கள் எழுதிவைத்தார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் எவரையும் அவர்கள் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால் 1958இல் எத்தியேன் கோத்தியே, லூயி ஆன்ரி ஆகிய இருவரும் குருலே என்னும் நார்மண்டிச் சிற்றூரின் பங்கேடுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து இணைத்து, எந்த வயதில் மணந்தார்கள், எத்தனை குழந்தைகளை இழந்தார்கள் என்பதையெல்லாம் வெளிக்கொணர்ந்தார்கள். எந்த அரசவைப் புலவரும் பாடாத உழவர் வாழ்க்கை அது. நம் பங்குகளின் நூற்றாண்டு விழா மலர்களைத் தொகுப்போர், வாழ்த்துரைகளுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது இத்தகைய ஏடுகளுக்குத் தரலாகாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நூலின் மற்றொரு வன்மை, பொய்யைக் கையாளும் விதம். முதல் உலகப்போரில் போர்வீரராக இருந்த புளொக், போர்க்கால வதந்திகளைப் பற்றி 1921இலேயே கட்டுரை எழுதியவர். 1917 செப்டம்பரில் அவருடைய படைப்பிரிவினர் ஒரு ஜெர்மானியனைச் சிறைபிடித்தனர். அவன் பிரெமன் நகரத்து வணிகன். பிரெஞ்சில் அந்நகரின் பெயர் ‘பிரேம்’. போர்முனைக்குப் பின்னாலோ ‘பிரேன்’ என்றொரு சிற்றூர். சில நாழிகைக்குள், போருக்கு முன்பே பிரேனில் கடை வைத்துக் குடியிருந்த ஒற்றன் பிடிபட்டான் என்று கதை பரவிற்று! காது தவறாகக் கேட்டது என்று சொல்லி புளொக் இதை முடித்துவிடவில்லை. எங்கும் ஒற்றர்கள் என்ற அச்சம் முன்பே மனங்களில் குடிகொண்டிருந்தது. அதனால்தான் காது அப்படிக் கேட்டது என்கிறார். 1914இல் பெல்ஜியத்துக்குள் நுழைந்த ஜெர்மானியர், அவ்வூர் வீட்டுச் சுவர்களில் சாரம் கட்டுவதற்காக விடப்பட்டிருந்த சிறு துளைகளைத் துப்பாக்கித் துளைகள் என்று நம்பினார்கள். பொதுமக்கள் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்ற அந்த நம்பிக்கைக்கு ஆயிரக்கணக்கான அப்பாவிகள் பலியானார்கள். ஆகவே பொய்யென்று கண்டதும் தூக்கியெறிவது வரலாற்றாசிரியனின் பாதி வேலையே. அப்பொய்யை நம்பும்படி அந்த மக்களைச் செய்தது எது என்று கேட்பது மறுபாதி.

இதுவரை நாம் நூலாசிரியரோடு முழுமனத்துடன் உடன்வருகிறோம். தயங்கி நிற்பது ஓரிடத்தில். வரலாற்றாசிரியன் நீதிபதியல்லன், அவன் பணி புரிந்துகொள்வதே என்று புளொக் வலியுறுத்துகிறார். மதிப்பெண் போடும் வரலாறுகளைப் படித்துச் சலித்தவர்க்கு இது இனிக்கும். ஆயினும், இதே மனிதர் 1940இல் பிரான்சின் தோல்வியைப் பற்றி எழுதி, 1946இல் வெளிவந்த நூலில் தளபதிகளையும் அரசியலாரையும், தம் தலைமுறை ஆசிரியர்களையும், தம்மையும் சேர்த்தே, குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அங்கே அவர் வெறுமனே புரிந்துகொள்ளவில்லை, தீர்ப்பளிக்கிறார். அந்த நூலின் ஆற்றலே அதில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

திருச்சபையின் வாசகர்களாகிய நமக்கும் இது அயலார் வழக்கன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்து வத்திக்கான் ஆவணங்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 2 அன்று ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டார். யூதர் படுகொலையின்போது அவர் காத்த மௌனத்தைச் சாடுவோரும், மறைவாகக் காப்பாற்றப்பட்டோரைச் சுட்டிப் பேசுவோரும், தத்தம் தீர்ப்பை ஏட்டைத் திறக்குமுன்பே எழுதிவைத்திருந்தால், புளொக்கின் எச்சரிக்கை இரு சாராருக்கும் உரியது. ஆனால் அனைத்தையும் படித்து முடித்த பின்னும் தீர்ப்பே கூடாது என்றால், இறந்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

நூல் அச்சேறிய கதையும் இக்கேள்வியைத் தவிர்க்கவிடவில்லை. புளொக்கும் லூசியான் ஃபெவ்ரும் 1929இல் சேர்ந்து தொடங்கிய ‘அனால்’ இதழை, ஆக்கிரமிப்பின் கீழ் நடத்த வேண்டுமானால் யூதரின் பெயர் அதில் இருக்கலாகாது. விலகிக்கொள்ளும்படி 1941 வசந்தத்தில் ஃபெவ்ர் வற்புறுத்தினார். புளொக் மறுத்தார்; பின்னர் மனமின்றி இசைந்து, புனைபெயரில் எழுதினார். இந்நூலை அவர் ஃபெவ்ருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். காணிக்கையின் தேதி 1941 மே 10. அந்தச் சச்சரவின் சூடு ஆறாத நாள்கள் அவை! 1949இல் நூலைப் பதிப்பித்தவரும் ஃபெவ்ரே. மகன் எத்தியேன் புளொக் 1993இல் கையெழுத்துப்படிகளை ஒப்பிட்டுப் புதிய பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான், முதற்பதிப்பில் பதிப்பாசிரியரின் கை எங்கெங்கே புகுந்திருந்தது என்பது தெரிந்தது. ஃபெவ்ரின் நெருக்கடியை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் செய்தது சரியென்று மட்டும் சொல்ல முடியவில்லை. இந்நூலைப் பயில விழைவோர் 1993ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடிப் பெறுவார்களாக. காணிக்கைப் பக்கத்தைத் தேதியோடு சேர்த்தே வாசிப்பார்களாக.